பன்னிரண்டாம் கேள்விக்கு ஒரு ‘இல்லீங்க’

1

போன மாதம் என் வலது நடுவிரலில் ஒரு சிவப்புத் தடிப்பு வந்தது. மிளகு அகலம்கூட இல்லை. கையுறையின் விளிம்பு உரசியிருக்கும் என்று விட்டுவிட்டேன். பக்கத்து மேசையில் வேலை செய்யும் பெண் விடவில்லை. அவள் சொல்ல, ஆய்வகத்தின் பாதுகாப்பு அலுவலர் வந்தார். அவர் வர, படிவம் வந்தது. ஜெர்மனியில் படிவம் இல்லாமல் எதுவும் வருவதில்லை, நோய் உட்பட.

என்ன தொட்டீர்கள்? எப்போது? எந்தக் கையுறை, ஒன்றா இரண்டா, எவ்வளவு நேரத்துக்கு ஒருமுறை மாற்றினீர்கள்? காற்றை உறிஞ்சும் பெட்டிக்குள் கை வைத்தீர்களா, வெளியிலா? பக்கத்தில் யார் நின்றார்கள்? வீட்டில் பாத்திரம் கழுவ என்ன சோப்பு? பக்கம் பக்கமாகக் கேள்வி. கடைசிப் பக்கத்தில் ஒரு கையின் படம் அச்சடித்திருந்தது. உள்ளங்கை ஒன்று, புறங்கை ஒன்று. தடிப்பு இருக்கும் இடத்தில் நானே ஒரு புள்ளி வைக்க வேண்டும். வைத்தேன்.

அப்புறம் தோல் மருத்துவர். என் விரலை விளக்குக்குக் கீழே வைத்து லென்ஸ் வழியாகப் பார்த்தார். பக்கத்தில் ஓர் அளவுகோலை வைத்துப் படம் எடுத்தார். “இது போகும்வரை நீங்கள் ஆய்வகத்தில் எதையும் தொடக்கூடாது” என்றார், அவ்வளவு மரியாதையாக.

அக்கறைதான். குறை சொல்ல வாய் வராது. ஆனால் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது என் காது மடல் சூடேறிக்கொண்டே போனது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் கொல்லிமலையில் இருக்கும் என் தங்கை செல்லாயியின் கைகளைப் போனில் பார்த்திருந்தேன். இந்தப் படிவத்தை அவளிடம் கொடுத்தால் எந்த இடத்தில் புள்ளி வைப்பாள்? படத்திலுள்ள இரண்டு கையையும் மைக்குள் முக்கித்தான் எடுக்க வேண்டும்.

2

ஊரில் இருப்பவர்களுக்கு என் வேலையை இதுவரை நான் சரியாகச் சொன்னதில்லை. சேந்தமங்கலத்தில் பஸ்ஸுக்கு நிற்கும்போது, “அங்க என்ன வேலைங்க?” என்று கேட்டால் “கெமிஸ்ட்ரிங்க” என்று சொல்லித் தப்பித்துவிடுவேன். மருந்துக்கடை என்று நினைத்துக்கொண்டு முட்டிவலிக்கு மாத்திரை கேட்டவர்கள் உண்டு. சிரித்துவிட்டு பஸ் ஏறியிருக்கிறேன். அந்தச் சிரிப்பையெல்லாம் இப்போது திருப்பி விழுங்க வேண்டியிருக்கிறது.

என் வேலைக்குப் பெயர் கரிம உலோக வேதியியல். பயப்பட வேண்டாம். பாதரசம் தனியாக இருந்தால் தரையில் உருண்டு ஓடும், யாருக்கும் பிடி கொடுக்காது. கரி அணு ஒன்று அதன் கையைப் பிடித்துக்கொண்டால் குணம் மாறிவிடும். எண்ணெய்ப் பசையில் கரையக் கற்றுக்கொள்ளும். நம் தோல் எண்ணெய் பூசின கதவு. தட்டாமலே உள்ளே போய்விடும். போகிற போக்கில் கதவையும் கெடுக்கும்: அரிப்பு, கொப்புளம், வெடிப்பு. போனபின் சும்மா இருக்காது. நரம்பைத் தேடிப் போய் விசாரிக்கும். விரல் மரத்துப்போகும்.

இப்படி உள்ளே போனதைத் தலைமுடியிலும் நகத்திலும் அளந்து பார்க்கலாம். அளப்பதற்கு, இன்னதுதான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரு மாதிரி வேண்டும். அந்த மாதிரியைத் தயாரித்துக் கொடுப்பவள் நான். கடுகளவு தயாரிப்பேன். அந்தக் கடுகுக்கு இரண்டு அடுக்குக் கையுறை, கண்ணுக்குக் கவசம், மூடின பெட்டி, கதவில் என் பெயர், வெளியே ஒரு காவல் ஆள்.

சில வருடங்களுக்கு முன் எங்கள் கூடத்தில் ஒரு பெரிய திட்டம் தொடங்கியது. வேதியியல்காரர்கள், தோல் மருத்துவர்கள், சுற்றுச்சூழலும் உடல்நலமும் ஆராய்பவர்கள், மூன்று கூட்டமும் ஒரே மேசையில். விதைக்கும் நாற்றுக்கும் போடும் பூஞ்சைக்கொல்லிகளில் சிலவற்றில் இப்படி உலோகம் ஒளிந்திருக்கிறது. அதைக் கையாளும் விவசாயிகளுக்குத் தோல் நோய் கூடுதலாக வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு ஊர் தேவை: நிறையத் தெளிக்கும் சமவெளி ஊர் ஒன்று, தெளிக்கவே தெளிக்காத சுத்தமான ஊர் ஒன்று. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும் என்பது கணக்கு.

“சுத்தமான ஊர் எங்கே கிடைக்கும்?” என்று கேட்டார் குழுத்தலைவர் ஹென்ரிக்.

நான் கையைத் தூக்கினேன்.

ஆமாம், நானேதான். வேறு யார்மேலும் பழி போட வழியில்லை. “என் மலை” என்றேன். தினையும் சாமையும் விளையும் மண் என்றேன். விஷம் ஏறாத காற்று என்றேன். பல வருடங்களாக ஊர்ப் பக்கம் போகாதவள், மனசுக்குள் ஊரைக் கழுவித் துடைத்து வெயிலில் காயவைத்திருந்தேன். போய்ப் பத்து நாள் இருந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்: அரியூர் நாட்டில் (மலையில் ஊர்த்தொகுதிக்கு நாடு என்று பெயர்) நான் பிறந்த ஊரிலும், செல்லாயி வாழ்க்கைப்பட்ட குண்டனி நாட்டிலும், தினை இருந்த காட்டில் பாதிக்குமேல் மரவள்ளி. மரவள்ளிக் குச்சியை எதில் நனைத்து நடுகிறார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பேன். கேட்கவில்லை. ஊர்மேல் பாசம் இருந்தது, தகவல் இல்லை.

3

கேள்வித்தாளைத் தமிழில் எழுதும் வேலையும் என்னிடமே வந்தது. “நீதானே அந்த மலை” என்றார்கள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். தமிழ் எனக்கு அதற்குள் பெட்டியில் மடித்துவைத்த பட்டுப்புடவை ஆகியிருந்தது. கல்யாணத்துக்கு எடுப்பதுபோல எடுத்து உதறினேன். நாலு பேர் பார்த்தால் மெச்ச வேண்டாமா?

பன்னிரண்டாம் கேள்வி: ‘வேளாண் பணியின்போது தாங்கள் பூச்சிக்கொல்லி, பூஞ்சைக்கொல்லி முதலிய இரசாயனங்களைக் கையாளுவதுண்டா?’

பதின்மூன்று: ‘தங்கள் கைகளில் தோல் பாதிப்பு ஏதேனும் உண்டா?’

பதினான்கு: ‘அதற்கு மருந்து போடுகிறீர்களா?’

தாங்களாம், கையாளுவதுண்டாவாம். எழுதி முடித்துவிட்டு நானே ஒருமுறை உரக்கப் படித்துப் பார்த்து ரசித்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

முறைப்படி ஒரு சோதனையும் நடந்தது. என் தமிழைச் சென்னையில் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த ஒருவர், மூலத்தைப் பார்க்காமல், திரும்ப ஆங்கிலமாக்கினார். அட்சரம் பிசகாமல் பொருந்தியது. ஹென்ரிக் என் தோளைத் தட்டினார். அகராதி படித்த நான் எழுதினேன், அகராதி படித்த இன்னொருவர் சரி என்றார். நடுவில் ஒரு மலையே விட்டுப்போனது எங்கள் இருவருக்கும் தெரியவில்லை.

சொல் ஏமாற்றும் என்பது எனக்குத் தெரியாத விஷயமா? இந்த நாட்டுக்கு வந்த முதல் வாரம், ஆய்வக அலமாரி ஒன்றின்மேல் ‘கிஃப்ட்’ என்று எழுதியிருந்தது. புதிதாக வருகிறவர்களுக்குப் பரிசு வைத்திருக்கிறார்கள் போல என்று கைப்பிடியில் கை வைத்தவள் நான். ஒருவர் ஓடிவந்து தடுத்தார். ஜெர்மன் மொழியில் அந்தச் சொல்லுக்கு விஷம் என்று பொருள். இந்தக் கதையை வருகிற விருந்தாளிக்கெல்லாம் சொல்லிச் சிரிக்கவைத்திருக்கிறேன். அவர்கள் மொழியில் நான் வழுக்கியதை மறக்கவே இல்லை. என் மொழியில் வழுக்கியபோது ஓடிவந்து தடுக்க யாரும் இல்லை.

4

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

என் மகள் கயல் பள்ளிக்கூடத்தில் மிளகைப் பற்றி ஏதோ பேச வேண்டும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு போகமாட்டேன் என்று நின்று இரண்டு வருடமாகிறது. அவள் தமிழ் சமையலறையைத் தாண்டாது. ஆனாலும் சின்னம்மாவுடன் பேசுவதென்றால் பிடிக்கும். செல்லாயி போனை எப்போதும் ஒரு டப்பாமேல் சாய்த்துவைத்துத்தான் பேசுவாள், முகம் மட்டும் தெரிகிற மாதிரி. அது ஏன் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மிளகுக் கதிரைக் காட்டச் சொல்லி கயல் கேட்க, செல்லாயி பறித்துவந்து கேமரா முன்னால் நீட்டினாள். கதிரோடு கையும் வந்தது.

விரல் இடுக்கெல்லாம் தோல் உரிந்து, முட்டிக்கு முட்டி வெடித்து, உள்ளங்கை கோடை வயல் மாதிரி.

“சின்னம்மா, கையைக் காட்டுங்க, இன்னொருவாட்டி.”

“ஒண்ணுமில்ல கண்ணு. வேலை செய்யற கை.”

“ஒடைஞ்சிருக்கு.” வெடிப்பு என்ற சொல் கயலுக்குத் தெரியாது.

“ஒடைஞ்சிருந்தாக் கட்டுப் போட்டிருக்க மாட்டனா சாமி? இது மருந்துக் கை. குச்சிய மருந்துல நனைச்சு நடறமல்ல, அதுல இப்புடி ஆயிருது.”

கயல் என் பக்கம் திரும்பினாள். “மருந்து போட்டுத்தான் கை இப்படி ஆச்சாம்மா? அப்போ ஏன் போடறாங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்குத் தெரிந்த மருந்து, காய்ச்சலுக்கு நான் ஸ்பூனில் ஊற்றிக்கொடுக்கும் மருந்து. “அது அந்த மருந்து இல்லடி. பயிருக்குப் போடறது. ஊர்ல அதையும் மருந்துன்னுதான்…”

வாக்கியத்தை முடிக்க முடியவில்லை.

மருந்தடிக்கிறது, மருந்து கலக்குறது, மருந்து வாங்கப் போறது. எங்கள் பக்கம் ஒரு வீட்டிலிருந்து “மருந்தக் குடிச்சுட்டா” என்று கத்திக்கொண்டு யாராவது ஓடிவந்தால், இருமல் மருந்து என்று எந்தக் குழந்தையும் நினைக்காது. அந்தக் கத்தலை நானே கேட்டு வளர்ந்தேன். எப்படி மறந்தேன்? பட்டுப்புடவை உதறிய வேகத்தில் எங்கே விழுந்தது அந்தச் சொல்?

“செல்லாயி, கேள்வி கேக்க மெட்ராஸ்ல இருந்து பொண்ணுங்க வந்தாங்கல்ல? பூச்சிக்கொல்லி கையாளுவீங்களான்னு ஒண்ணு கேட்டிருப்பாங்க. என்ன சொன்ன?”

“இல்லீங்கன்னு சொன்னேன்.”

“ஏன்?”

“அப்புடின்னா என்னன்னே தெரியலக்கா. என்னுங்க அதுன்னு அந்தப் புள்ளையக் கேட்டேன். அது மறுக்காவும் அதையேதான் படிச்சுது. நாங்க எந்த உசுரையும் கொல்றதில்லீங்கன்னுட்டேன்.”

எழுதியதில் ஒரு சொல்லைக்கூட மாற்றக்கூடாது, புரியவில்லை என்றால் திரும்பப் படிக்க மட்டும் செய்யலாம் என்பது விதி. விதியை எழுதியதும் நான்.

“மருந்து போடறீங்களான்னு கேட்டதுக்கு?”

“ஆமாங்கன்னேன். போடாம? எல்லாரும் அதான் சொன்னாங்க.” அவள் குரல் சிறுத்துவிட்டது. “ஏங்க்கா, தப்பாச் சொல்லிப்புட்டனா?”

எந்த மருந்து என்று காட்டச் சொன்னேன். கடையில் பொட்டலமாக மடித்துத்தான் தருவார்களாம். போன வருடத்து டப்பா ஒன்று இருக்கிறது என்று தேடி எடுத்துவந்தாள். அவரை விதை போட்டு வைத்திருந்தாள் அதில். பாதி கிழிந்த சீட்டு. கொடிய விஷம் என்று எச்சரிக்கும் சிவப்பு முக்கோணம். கிழிசலுக்கு அந்தப் பக்கம் தப்பிப் பிழைத்த ஒரு சொல், ‘மெர்குரி.’

“செவப்பு முக்கோணம் போட்டது நல்ல பவரு மருந்துன்னு கடைக்காரரு சொன்னாருக்கா.”

நான் கடுகளவு செய்து, இரண்டு கையுறைக்குப் பின்னால் நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும் குடும்பத்துப் பொருள். அதை என் தங்கை அண்டாவில் கரைத்து, முழங்கை வரைக்கும் விட்டுக் கலக்குகிறாள்.

“விரல் மரத்துப்போகுதா செல்லாயி?”

“ஒனக்கெப்புடித் தெரியும்?” என்றாள். “ஊசி குத்துனாக்கூடத் தெரியறதில்ல. வேலை முடிஞ்சா சரியாயிரும்னு இருக்கறேன்.”

அவரையைக் கொட்டச் சொன்னேன். இனி அதைக் கையால் தொடாதே என்றேன். ஆஸ்பத்திரிக் கையுறை போட்டுக்கலாமா என்று கேட்டாள். அந்த மெல்லிசு கையுறையையும் அது தாண்டும், தொடவே தொடாதே என்றேன். “சரி, குச்சி அழுகிப்போச்சுன்னா?” என்றாள். என் படிப்பு மொத்தமும் அந்த ஒரு கேள்விக்கு முன்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றது.

5

இப்போது கணக்கைப் பாருங்கள். என் கோபம் எங்கே பற்றிக்கொண்டது என்று தெரியும்.

மலை ஜனம் எல்லோரும் பன்னிரண்டுக்கு ‘இல்லை.’ ஆகவே தாளில் அவர்கள் விஷம் தொடாதவர்கள். பதின்மூன்றுக்குப் பலர் ‘உண்டு.’ ஆகவே விஷம் தொடாதவர்களுக்கும் தோல் நோய் வருகிறது. ஆகவே சமவெளிக்காரர்களின் கொப்புளத்துக்கும் அந்தத் தூளுக்கும் பெரிய சம்பந்தம் ஒன்றும் இல்லை. எழுதி முடித்து அனுப்பத் தயாராக இருந்த கட்டுரை இதைத்தான் சொல்லப்போகிறது. எங்கள் மலையின் ஒரு ‘இல்லீங்க’ கீழே உள்ளவர்களின் வாயையும் சேர்த்து அடைக்கப்போகிறது. தொடாதவர்கள் என்பதால் மலையில் யாருடைய முடியையும் நகத்தையும் எடுக்கவில்லை. வீண் செலவாம்.

இதைவிடக் கொடுமை ஒரு சீட்டு. கலந்துகொண்ட ஒவ்வொருவருக்கும் மரியாதைக்காக ஒன்று கொடுத்தோம். செல்லாயியுடையதைப் போனில் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன். ‘இரசாயனத் தொடர்பு: இல்லை. தோல் பாதிப்பு: உண்டு. சிகிச்சை: எடுத்துக்கொள்கிறார்.’ மேலே வெளிநாட்டு முத்திரை. கீழே, சின்ன எழுத்தில், தமிழாக்கம் என்று என் பெயர்.

சேந்தமங்கலம் போய் ஜெராக்ஸ் கடையில் லேமினேஷன் பண்ணி வைத்திருக்கிறாள். எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதைத்தான் நீட்டுகிறாள், அக்கா எழுதின காகிதம் என்று. அவர்களும் படிக்கிறார்கள். இரசாயனம் இல்லை என்று பார்க்கிறார்கள். அதற்குமேல் கேட்பதில்லை. ஒருவர் சொறி என்றார், ஒருவர் மரவள்ளிப் பால் ஒத்துக்கொள்ளவில்லை என்றார். களிம்பு கொடுத்தார்கள். களிம்பைப் பூசிக்கொண்டு மறுநாள் காலை போய் மறுபடியும் கையை விட்டுக் கலக்கினாள்.

அவளுக்கும் சரியான வைத்தியத்துக்கும் நடுவில் நிற்பது நோய் அல்ல. என் கையெழுத்து.

6

விரல் தடிப்புக்காக எனக்கு ஓய்வு கொடுத்திருந்தார்கள் அல்லவா, அந்த ஓய்வில் ஹென்ரிக் அறைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கெட்ட மனிதர் இல்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

“கேள்வித்தாள் முறைப்படி சரிபார்க்கப்பட்டது” என்றார்.

“என்னைப் போலவே அகராதி படித்தவரிடம் என் தப்பைச் சரிபார்த்தீர்கள்.”

“கட்டுரையின் கடைசியில் குறைபாடுகள் என்று ஒரு பத்தி உண்டு. அதில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.”

ஒரு வரி. பெண்கள் பெண்களாக அண்டாவைச் சுற்றி நின்று கலக்கிய கை எல்லாம், ஒரு வரி. அதுவும் பொடி எழுத்தில்.

“என் விரலில் ஒரு மிளகுக்குப் பக்கம் பக்கமாகக் கேட்டீர்கள்” என்றேன். “என்ன சோப்பு என்று கேட்டீர்கள். அவர்கள் எதைத் தொட்டார்கள் என்பதற்கு ஒரே ஒரு கேள்வி. அதுவும் அவர்களுக்குப் புரியாத மொழியில்.”

“நீங்கள் உணர்ச்சிவசப்பட்டிருக்கிறீர்கள்.”

“ஆமாம். அதற்குத் தனிப் படிவம் இருந்தால் கொடுங்கள், நிரப்பித் தருகிறேன்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஒரே ஒரு சொல். அதனால் இவ்வளவு தலைகீழாகுமா?”

அவரை எழுப்பி ஆய்வகத்துக்கு அழைத்துப்போனேன். அந்தப் பழைய அலமாரிக்கு முன்னால் நிறுத்தினேன். “இங்கிலாந்திலிருந்து புதிதாக ஒரு மாணவன் வருகிறான் என்று வையுங்கள். அவனிடம் இந்தச் சொல்லைக் காட்டி, கிஃப்ட் வேண்டுமா என்று கேளுங்கள். பரிசு என்று நினைத்து வேண்டும் என்பான். விஷத்துக்குச் சம்மதித்தான் என்று எழுதிக்கொள்வீர்களா?”

அலமாரிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தார், பூட்டியிருந்தது. பிறகு, “அவர்களிடம் மறுபடி கேட்க முடியுமா?” என்றார். “ஆதாரம் வேண்டும். உங்கள் நினைவை நான் தாளில் ஏற்ற முடியாது.”

7

மறுபடி கேட்டது செல்லாயி. மெட்ராஸ் பெண்கள் போன வீடுகளுக்கே ஒவ்வொன்றாகப் போனாள். எதற்காகக் கேட்கிறாள் என்று சொல்லி, பேசுவதைப் பதிந்து அனுப்பச் சம்மதமா என்று முதலில் கேட்டுக்கொண்டாள். பட்டுப்புடவையெல்லாம் இல்லை, அவள் கேட்டது இதுதான்: “குச்சி நடறப்ப மருந்து கலக்கறீங்களா? கையிலயா, கோல்லயா?”

இங்கே எங்கள் காலைக் காப்பி நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து விழுந்தன.

“ஆமாங்க. கையிலதான். கோல்ல கலக்குனாக் கட்டி கட்டியா நின்னுக்கும்.”

“மருந்தில்லாம எவ இப்ப வெள்ளாம பண்றா? ஏன் செல்லாயி, ஒங்கக்கா வெளிநாட்டுல இருந்து மருந்து அனுப்பி உடுதாமா?”

“கலக்கறதுதான். எங்கூட்டுக்காரரு மூக்கப் பொத்திட்டுத் தள்ளி நின்னுக்குவாரு. கலக்கறது நாந்தான்.”

“அதான் பரீட்சைக்கு வந்தாங்களே, அன்னைக்கே சொன்னமே, மருந்து போடறோம்னு. எழுதிக்கலையா அவிய?”

இந்தக் கடைசிக் குரலை நான் பலமுறை கேட்டேன். அன்றைக்கே சொன்னார்கள். பன்னிரண்டில் கேட்டதற்குப் பதினான்கில் பதில் சொல்லியிருக்கிறார்கள். மறைக்கவில்லை, மறுக்கவில்லை. படித்தவர்கள் நாங்கள் அதை வேறு கட்டத்தில் போட்டு மூடிவிட்டோம்.

ஜெர்மனில் எழுத வேண்டும். என்னைத்தான் ஒரு தடவை நம்பியாயிற்றே, இன்னொரு தடவை நானே எழுதக் கூசியது. கயல் எழுதுகிறேன் என்றாள். காதில் மாட்டிக்கொண்டு, நிறுத்தி நிறுத்திக் கேட்டாள். புரியாத இடத்தில் என்னைக் கேட்காமல் சின்னம்மாவுக்கே போன் போட்டு, “அவியன்னா யாரு? கட்டி கட்டியான்னா எப்படி?” என்று கேட்டுத் தெரிந்துகொண்டாள். நான் அன்றைக்குச் செய்திருக்க வேண்டிய காரியம், அவ்வளவுதான். சனிக்கிழமை வகுப்பில் வராத தமிழ் அவளுக்கு இதில் வந்தது. அதற்குச் சந்தோஷப்படக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒரு இடத்தில் விரலைத் தூக்கி நிறுத்தினாள். “மருந்துக்கு என்ன போடட்டும்மா? டாக்டர் குடுக்கறதா, கிஃப்டா?”

“அவங்க சொன்னதை அப்படியே போடு. மருந்துன்னே எழுது. பக்கத்துல ரெண்டு பொருளையும் எழுது. படிக்கறவங்களும் ஒரு நிமிஷம் முழிக்கட்டும்.”

ஹென்ரிக்கிடமிருந்து கடிதம் வந்தது. கட்டுரை நிறுத்திவைக்கப்படுகிறது. மலையில் முடியும் நகமும் எடுக்க அனுமதி கேட்டு விண்ணப்பிக்கப்படும். நிறுத்திவைத்திருக்கிறார்கள், கைவிடவில்லை. விண்ணப்பம் எந்த மேசையில் எத்தனை நாள் தூங்குமோ. அதற்குள் மலையில் அடுத்த நடவு வந்துவிடும். கடையில் சிவப்பு முக்கோணம் பொட்டலமாக மடிந்துகொண்டுதான் இருக்கும். ஆகையால் என் கோபத்தை யாரும் தணித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். ஊரில் இதைப் படிக்கிறவர்கள், கிழிந்த சீட்டு ஒட்டிய டப்பா எதிலாவது உங்கள் வீட்டில் விதையோ உப்போ இருந்தால், இந்தப் பக்கத்தை வைத்துவிட்டு முதலில் போய் அதைக் கொட்டிவிட்டு வாருங்கள்.

8

நேற்று செல்லாயி நாமக்கல் போனாள், வேறொரு தோல் டாக்டரைப் பார்க்க. லேமினேஷன் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடட்டுமா என்று கிளம்பும்போது கேட்டாள்.

“வேண்டாம். கொண்டு போ. ஆனா முதல்ல நீட்டாத.”

“அப்பறம் என்னத்த நீட்டறது?”

“கையை நீட்டு.”

போனை அணைக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உள்ளே போனாள். எனக்கு இங்கே மதியச் சாப்பாட்டு நேரம். உணவகத்தின் மூலையில், ஆறிப்போன தட்டுக்கு முன்னால், காதில் போனை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலி இழுபடும் சத்தம். மின்விசிறி. யாரோ ஒரு குழந்தையின் அழுகை, கதவு சாத்தியதும் நின்றது.

“எத்தனை நாளா இருக்கு?” ஓர் ஆண் குரல், அவசரமாக.

“மூணு நாலு நடவாச்சுங்க.”

“ம். கையில என்ன மருந்து போட்டீங்க?”

அதே பதினான்காம் கேள்வி. நான் எழுதினது போலவே, அச்சாக. குறுக்கே புகுந்து கத்தலாமா என்று வாயைத் திறந்தேன்.

செல்லாயி அவசரப்படவில்லை.

“ஏனுங்க டாக்டர்” என்றாள், “எந்த மருந்தக் கேக்கறீங்க? கைக்குப் போட்டதையா, காட்டுக்குப் போட்டதையா?”

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது எனக்குக் கேட்டது. மேசைமேல் அதை வைத்த சத்தமும் கேட்டது.

“ரெண்டையும் சொல்லுங்கம்மா” என்றார் அவர்.